நன்மை வாங்கும் நாக்கு

கஸ்பாரிடம் வைத்தியத்துக்கு முதன்முறை வருகிறவர்களுக்குத் திட்டு நிச்சயம். பிரியாணிக் கடை மாஸ்டர் சுருளிவேலும் தப்பவில்லை. சன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து நாக்கை நீட்டினார். கஸ்பார் குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"வழிச்சிருக்கீங்க."

"ஆமாங்கய்யா. வைத்தியரைப் பாக்க வாறோம், சுத்தமா வரணும்ல?"

"பரீட்சைப் பேப்பரை அழிச்சிட்டுக் குடுத்தா வாத்தியாரு எதைப் பாத்து மார்க் போடுவாரு? போயிட்டு நாளைக்கு வாங்க. நாக்கு வழிக்கக் கூடாது. காப்பி, வெத்தல ஒன்னும் கூடாது. நல்லா விடிஞ்சப்புறம் வாங்க. லைட்டு வெளிச்சத்துல கலரு பொய் சொல்லும்."

"நாக்கு வழிக்காமயா? எம் பொண்டாட்டி வாசப்படி தாண்ட விடமாட்டாளே."

"வாயைத் தொறக்காம வாங்க. அவுங்களுக்கும் செத்த நேரம் நிம்மதி."

மறுநாள் சுருளிவேல் வாயை மூடியபடியே வந்தார். நாக்கின் நடுவில் மஞ்சளாகப் படிந்திருந்தது. ஓரங்களில் பல் பதிந்த தடம். கஸ்பார் அவருடைய வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேள்விகள். எரிச்சல் சாப்பிடும் முன்பா, பிறகா? குளிர்ந்த தண்ணீர் குடித்தால் சுகமா, வெந்நீரா? வயிற்றை அமுக்கினால் வலி குறைகிறதா, கூடுகிறதா? அமுக்கினால் சுகப்படும் வலிக்குத் தெம்பு கொடுக்க வேண்டும். அமுக்கினால் கூடும் வலிக்கு உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். சீன வைத்தியத்தில் அவர் படித்தது இது.

"இரைப்பையோட வேல எறக்குறது. மண்ணீரலோட வேல ஏத்துறது" என்று விளக்கினார். "எறங்குற ஆளு எறங்கினாத்தான் ஏறுற ஆளு ஏற முடியும். உங்க வயித்துல எறங்க வேண்டியவன் படியிலயே நிக்கிறான். அதான் ஏப்பம், அதான் புளிப்பு."

"கண்டக்டருன்னு சொன்னாங்க, சரியாத்தான் இருக்கு" என்றார் சுருளிவேல்.

கஸ்பார் அரசு டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திண்டுக்கல், சித்தையன்கோட்டை தடம். காலைச் சாப்பாட்டை மதியத்திலும் மதியச் சாப்பாட்டைப் பொழுது சாய்ந்தும் சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு புண்ணாகிப் போனது. மாத்திரை தின்றார். நின்ற இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார். யாரோ சொல்லி மதுரையில் ஓர் அக்குபஞ்சர்காரரிடம் போனார். முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஊசி வைத்தார்கள். தொப்புளுக்கு மேலே மாசிபத்திரி மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டினார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னார்கள். மூன்றில் எது குணமாக்கியது என்று கஸ்பாருக்கு இன்றுவரை தெரியாது. வயிறு அடங்கியது. அதைத் தானும் படிக்க வேண்டும் என்று தோன்றியது. சனி, ஞாயிறு வகுப்புகளுக்கு மதுரைக்குப் போய்ப் படித்தார். ஓய்வு பெற்றதும் மேட்டுப்பட்டி வீட்டின் முன்னறையில் ஒரு பெஞ்சும் ஸ்டூலும் போட்டார். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வயிற்றுக்காரர்கள்.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. சாப்பாடு இறங்காமல் சிக்குகிறது, உடம்பு இளைக்கிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று யார் சொன்னாலும் ஊசியைத் தொடமாட்டார். கீரனூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

"ஏனுங்க, ஒரு ஊசி வெச்சுப் போட்டு அனுப்பக் கூடாதுங்களா? இத்தனை தூரம் வந்துட்டனுங்க."

"மொதல்ல ஆஸ்பத்திரி. உள்ள குழாய் விட்டுப் பாக்கட்டும். பாத்துட்டு வாங்க, நூறு ஊசி வைக்கிறேன்."

அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பஸ்ஸாகப் பார்த்து ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார். சரியான நேரத்தில் அறுவை முடிந்து அந்த மனிதர் பிழைத்தார். வருஷா வருஷம் ஒரு மூட்டை நிலக்கடலை அனுப்புகிறார்.

மனைவி டெய்சி மட்டும் ஒருபோதும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததில்லை.

டெய்சிக்கு நாள் தொடங்குவது இருட்டில். எழுந்ததும் கொல்லைக் குழாயடியில் பல் விளக்கி, எவர்சில்வர் வழிப்பானால் நாக்கை வழிப்பாள். தெருவில் பால்காரர் வரும் நேரமாகிவிட்டது என்பதை அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லலாம் என்று கஸ்பார் கேலி செய்வார். அதன்பிறகு தண்ணீர்கூடப் படாது. பக்கத்து வீட்டு செபாஸ்தியம்மாளும் அவளும் சேர்ந்து முதல் பூசைக்கு நடப்பார்கள். பீடத்துணி விரிப்பது டெய்சியின் வேலை. கொரோனாவுக்குப் பிறகு ஊரில் பலரும் பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தைக் கையில் வாங்கப் பழகிவிட்டார்கள். டெய்சி மாறவில்லை. முழந்தாளிட்டு, கண்ணை மூடி, நாக்கில்தான் வாங்குவாள். அந்த நாக்கில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது.

வந்தவன் போனவனிடமெல்லாம் நாக்கு வழிக்காதே என்று சொல்கிற மனிதருக்கு, தன் மனைவியின் நாக்கு வழிக்காமல் எப்படி இருக்கும் என்று தெரியாது.

போன வருஷம் தை மாதத்தில் டெய்சி இட்லியில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். வயிறு நிறைந்துவிட்டது என்றாள். பிறகு தினமும் அப்படியே. ஏப்பம். நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல் இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். சீரகம் கொதிக்க வைத்துக் குடித்தாள். கஸ்பார் கையைப் பிடித்துப் பார்த்தார். வலது மணிக்கட்டில் அவருடைய நடுவிரலுக்குக் கீழே துடிப்பு மெலிந்திருந்தது. அது வயிற்றின் இடம். சன்னலுக்குக் கூப்பிட்டு நாக்கைக் காட்டச் சொன்னார். வழித்த நாக்கு. சிவந்து, பளபளவென்று, படிவே இல்லாமல் இருந்தது.

படிவில்லாத சிவந்த நாக்கு என்றால் வயிற்றில் ஈரம் வற்றிவிட்டது என்று அவர் படித்த புத்தகம் சொல்லும். வழித்ததால் அப்படியா, வற்றியதால் அப்படியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இளநீர் கொடுத்தார். காரத்தைக் குறைத்தார்.

"ஒரு நாளைக்கு வழிக்காம இரு டெய்சி. பொழுது விடிஞ்சதும் பாத்துக்கிறேன்."

"வழிக்காம எப்படிங்க சாமியை வாங்குறது?"

"ஒரு நாளு பூசைக்குப் போகாட்டித்தான் என்ன?"

"நாளன்னிக்கு விபூதி புதன். தவக்காலத்துலயா போக வேண்டாங்கறீங்க? நல்ல வைத்தியம்."

"ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசைக்குப் போயேன். அதுக்குள்ள விடிஞ்சிரும்."

"மொதப் பூசைக்குப் பீடத்துணி யாரு விரிப்பா, உங்க டிரைவரா?"

பேரம் நடந்தது. கடைசியில் அவளே ஒரு நாளைக் குறித்துச் சொன்னாள். பெரிய சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ராத்திரி வரைக்கும் பூசையும் கிடையாது, நன்மையும் கிடையாது. அன்று வழிக்காமல் வந்து ஸ்டூலில் உட்காருகிறேன் என்றாள். கஸ்பார் சரி என்றார்.

ஈஸ்டர் வரையிலான தவக்காலம் முழுக்க டெய்சி ஒருசந்தி. ஒரு வேளைச் சாப்பாடு. எல்லா வருஷமும் இருப்பதுதான். அந்த வருஷம் அந்த ஒரு வேளையும் கால் தட்டானது. சட்டைக் கை தொளதொளத்தது. கன்னம் ஒட்டியது. கோயிலில் பார்த்தவர்கள் டெய்சியக்கா தவம்னா தவம் என்றார்கள். செபாஸ்தியம்மாளுக்குப் பொறாமைகூட வந்தது.

"நானுந்தான் ஒருசந்தி இருக்கேன், ஒரு சுத்துக்கூட எளைக்கல. நீ என்னடி புனிதவதி ஆகப் போறியா?"

"நீங்க ராத்திரி முறுக்கு திங்கிறது ஆண்டவருக்குத் தெரியும்க்கா" என்றாள் டெய்சி.

கஸ்பாரும் சிரித்தார். இளைத்தவர்களை ஊசி வைக்காமல் அனுப்பும் மனிதர், தினமும் எதிரில் உட்கார்ந்து இளைத்துக்கொண்டிருந்தவளை ஒருசந்தி என்றே பார்த்தார்.

மகன் ரொனால்டு கோயம்புத்தூரில் இன்ஜினியர். ஆஸ்பத்திரிகளில் வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமராக்களைப் பழுது பார்ப்பவன். போனில் அம்மாவின் குரல் மெலிந்திருக்கிறது என்றான்.

"ஒரு ஸ்கோப் பாத்துருவோம்மா. அஞ்சு நிமிஷ வேல."

"ஈஸ்டர் முடியட்டும்ப்பா. அப்பா பெரிய சனிக்கிழமை பாக்கறேன்னிருக்காரு."

ரொனால்டு அப்பாவிடம் கேட்டான். நாள் குறித்தாகிவிட்டது, நாக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் அவர். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை டெய்சி சிலுவைப்பாதையில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதையும் பக்தி என்றார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. மலைக்கோட்டைப் பக்கம் வெளுத்து, சன்னலில் நல்ல வெளிச்சம் விழுந்தது. டெய்சி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். வாய் கழுவாமல் ஒருவர் முன்னால் உட்கார்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, கண்ணால் கேட்டாள். கஸ்பார் தலையசைத்தார். தலைப்பை எடுத்து நாக்கை நீட்டினாள்.

தடித்த, பிசுபிசுத்த, சாம்பல் கலந்த மஞ்சள் படிவு. நடுவில், வயிற்றின் இடத்தில், தோல் உரிந்தது போல ஒரு வெறும் திட்டு. அடியில் நாக்கு ஊதா பாய்ந்திருந்தது. புத்தகத்தில் பார்த்திருக்கிறார். இவ்வளவு மோசமாக ஓர் ஆளிடம் பார்த்ததில்லை. அப்போதுதான் அவர் நாக்கை விட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். கழுத்து எலும்பைப் பார்த்தார். முந்திய வருஷம் அந்தக் குழி அங்கே இல்லை. இதைப் பார்க்க நாக்கு வேண்டியிருக்கவில்லை.

"என்னங்க? ஊசி வைக்கலயா?"

"சேல மாத்திக்க. ஆஸ்பத்திரி போறோம்."

"இன்னைக்கா? ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசை இருக்கு. பூத் தட்டு தூக்குறது நாந்தான்."

"மாத்திக்கம்மா" என்றார். டெய்சி எழுந்துபோனாள். வழிப்பானை எடுத்து நாக்கை வழித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஸ்கேன். இரைப்பைப் புற்று. ஈரலுக்கும் போயிருந்தது. டாக்டர் ஓர் இளம்பெண். எப்போதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்டார். "விபூதி புதனுக்கு முன்னாடியிருந்து" என்றார் கஸ்பார். அது எந்தத் தேதி என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. ரொனால்டுதான் சொன்னான்.

"அப்பவே வந்திருந்தா?" என்று கேட்டார் கஸ்பார்.

"பெரிசா வித்தியாசம் இருந்திருக்காதுங்கய்யா. ரொம்ப நாளா வளர்ந்தது."

வராந்தாவுக்கு வந்ததும் மகனின் கையைப் பிடித்தார்.

"பெரிசான்னாங்க. சின்னதா இருந்திருக்குமா? நீ இதெல்லாம் பாக்குறவன்தான?"

"நான் மிஷினைப் பாக்குறவன்ப்பா" என்றான் ரொனால்டு.

மதுரையில் கீமோ தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் வாந்தி. தண்ணீர் தங்கவில்லை. ரத்த அணுக்கள் குறைந்திருப்பதால் ஊசி கூடவே கூடாது, வேண்டுமானால் அமுக்கிவிடுங்கள் என்றார் நர்ஸ். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, உள்பக்கம், இரண்டு நரம்புகளுக்கு நடுவில் குமட்டலுக்கான புள்ளி. கஸ்பார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலால் அமுக்குவார். சில வேளை அரைத் தம்ளர் கஞ்சி உள்ளே நின்றது. சில வேளை நிற்கவில்லை. நின்ற வேளைகளில் அவர் சின்னப் பையனைப் போலச் சந்தோஷப்பட்டார்.

"கடைசில நானும் உங்க பேஷண்ட் ஆயிட்டேன்" என்றாள் டெய்சி. "முன்னறையில உக்கார வைப்பீங்கன்னு பாத்தா, நீங்க வந்து உக்காந்திருக்கீங்க."

"உனக்கு மட்டும் வீட்டுக்கே சர்வீஸ்."

பிறகு, "எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தை மாசத்துலயே தெரியும். இது வேறன்னு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் எறங்காம இருந்துச்சு. சொன்னா ஆஸ்பத்திரின்னு தூக்கிட்டுப் போயிருவீங்க. ஒரு தவக்காலம், ஒரு ஈஸ்டர் நல்லபடியாப் பாத்துட்டுப் போவோம்னு நெனச்சேன். நீங்க கேட்டப்ப சனிக்கிழமைன்னு தள்ளிவிட்டேன்."

"அந்த ஈஸ்டரையும் கெடுத்துட்டேன்."

"ஆமா. பூத் தட்டை செபாஸ்தியக்கா தூக்குச்சாம். கோணலாத் தூக்கியிருக்கும்."

கஸ்பாரின் கட்டைவிரல் புள்ளியை விட்டு விலகியிருந்தது. டெய்சி மறு கையால் அதை எடுத்து மறுபடி மணிக்கட்டில் வைத்தாள். அவள் சொன்னது உண்மையா, தனக்காகச் சொன்னதா என்று அவர் கண்டுபிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்ட டெய்சியின் அம்மா எதில் இறந்தார் என்று கேட்க அந்தப் பக்கத்தில் யாரும் உயிரோடு இல்லை.

ஆடியில் சாமியார் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். ஒரு நுனி கிள்ளி, ஸ்பூன் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கப் பார்த்தார். டெய்சிக்கு வயிறு புரட்டியது. வேண்டாம் என்று கை காட்டினாள். உள்ளே போனது வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். கஸ்பார், "செத்த நேரம் பொறுங்க சாமி" என்றார். மணிக்கட்டைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார். சாமியார் கையில் ஸ்பூனோடு நின்றார். வாசலில் செபாஸ்தியம்மாள் ஜெபமாலை உருட்டினாள். மூச்சு சீரானதும், "இப்பக் குடுங்க" என்றார். உள்ளே நின்றது. அதற்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ரொனால்டு கோயம்புத்தூருக்கு அழைத்தான். கஸ்பார் போகவில்லை. முன்னறைக் கதவைப் பல நாள் திறக்கவும் இல்லை. சுருளிவேல்தான் ஒரு காலையில் வந்து தட்டினார்.

"நாக்கு வழிக்காம வந்திருக்கேன்யா. திறங்க. பொண்டாட்டி திட்டுறா."

திறந்தார். பழையபடி ஆட்கள் வந்தார்கள். நாக்கு பார்த்தார், நாடி பார்த்தார். திட்டுவது நின்றுபோனது. வழித்துவிட்டு வந்தால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வந்தவர்களின் கழுத்தையும் கன்னத்தையும் சட்டைக் கையையும் நேரம் எடுத்துப் பார்த்தார். வந்தவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த வருஷம் தவக்காலம் வந்தது. ஒரு மாலை செபாஸ்தியம்மாள் பழைய சேலை ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கஸ்பார் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். அவளுடைய தோள் எலும்பு தெரிந்தது.

"என்னக்கா, சாப்பிடறீங்களா?"

"ஒருசந்திப்பா. போன வருசம் முறுக்குன்னு டெய்சி சொல்லிக் காட்டுனா. இந்த வருசம் அதும் இல்ல. அவளுக்காக."

"ஏப்பம் வருதா? நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கா?"

"வயசாச்சு, ஏப்பம் வராம பாட்டா வரும்?"

கஸ்பார் ஆட்டோவுக்குப் போன் போட்டார். அவள் கத்தினாள், தெருவே வேடிக்கை பார்த்தது. நாக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லேன், உன் தொழில் அதுதானே என்று நாக்கை நீட்டிக்கூடக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவளுடைய மருமகளையும் துணைக்கு ஏற்றி அனுப்பினார். அன்று ஆஸ்பத்திரியிலேயே இருக்க வைத்து, மறுநாள் வெறும் வயிற்றில் குழாய் விட்டார்கள்.

மறுநாள் மதியம் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி, தன் வீட்டுக்குப் போகாமல் நேராக முன்னறைக்கு வந்தாள். அங்கே காத்திருந்த இரண்டு பேரைத் தாண்டி வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏப்பா கஸ்பாரு, ஒனக்கு நல்லாருக்கா? பூசையும் போச்சு, ஒருசந்தியும் போச்சு. அந்தப் பொடிப்பிள்ளைக முன்னாடி வாயப் பொளந்துக்கிட்டு அம்புட்டு நீளக் குழாயை முழுங்குனேன். தொண்ட எரியுது."

"என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்வாங்க. ஒன்னுமில்லயாம். வெறும் வாயு. சாப்பிடாமக் கெடந்ததுதான் கோளாறுன்னுட்டாங்க."

"என்னக்கா?"

"ஒன்னுமில்லன்னு சொல்றேன்ல."

கஸ்பார் ஸ்டூலில் உட்கார்ந்தார். வைத்தியத்துக்கு வந்திருந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். செபாஸ்தியம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். டெய்சியை நினைத்துத்தான் தன்னை அனுப்பினார் என்று அவளுக்கு இப்போது புரிந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். திட்ட ஒன்றும் மீதி இல்லை.

ஒன்றுமில்லை என்பதை மூன்றாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கேட்டார்.